சோலையூர் நாட்குறிப்பு: படிப்பறைக்கு மண் எடுத்த நாட்கள்

ஜனவரி 10, 2025

ஈப்போவிலிருந்து கோவைக்கு வந்து, ஆனைகட்டி வழியாகக் கேரள எல்லையைக் கடந்து அட்டப்பாடிக்குள் நுழைந்தேன். சோலையூர்ப் பக்கத்து இருளர் ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்குப் படிப்பறை கட்டும் முகாம் இது. இந்தியச் சுற்றுலா விசாவில் ஊதியமற்ற தொண்டுக்கு ஒரு மாதம் வரைதான் இடமுண்டு. பள்ளத்தோரம் கூடாரம் அடிக்கச் சிலர் ஆசைப்பட்டனர். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடம் அது என்று தடுத்த ஊர்த் தலைவரான மூப்பன், வீடுகளுக்கு நடுவே இருந்த களத்தைக் காட்டினார். பழங்களையும் உப்பையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

ஜனவரி 12

ஊர்க்கூட்டம் கூடியது. மூப்பனுக்குத் துணையாக வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று இங்கே பொறுப்புகள் உண்டு. நிலத்தையும் விதைப்பையும் அறிந்தவர் மண்ணுக்காரன் என்பதால், எங்கே தோண்டலாம் என்பதை அவரிடமே கேட்டோம். அவர் காட்டிய செம்மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் நீரோடு குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் தங்கியது. வண்டலும் களியும் மெல்லப் படிந்தன. சுவருக்காகச் சுடாமல் அச்சில் அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு ஏறத்தாழ பாதி மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருப்பது நல்லது. களி சற்று மிகுந்திருந்ததால் மணல் சேர்க்க முடிவாயிற்று.

ஜனவரி 16

பொங்கல் முடிந்து வேலை தொடங்கிவிட்டது. சலித்த மண்ணில் இருபதில் ஒரு பங்கு சிமென்ட் கலந்து, நீர் தெளித்துப் பிசறி, ஒரு பிடியை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறோம். நான்கைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம். பொடிந்து சிதறினால் போதவில்லை. சிமென்ட் கலந்தபின் தாமதிக்க முடியாது என்பதால், கலவையைச் சிறிது சிறிதாகவே போடுகிறோம். கலவையை அச்சு இயந்திரத்தில் இட்டு அழுத்தும்போது, "தம்பி, நெம்புகோல்ல தொங்காதீங்க, உடம்பு எடையக் குடுத்து இறக்குங்க" என்று மேஸ்திரி சொன்ன பிறகுதான் கல்லின் முனைகள் கூராக விழுந்தன.

ஜனவரி 20

முகாமில் இரண்டு நாளாக ஒரே பேச்சு: ஊருக்குத் திரும்புமுன் ஒரு சுவராவது எழ வேண்டும் என்பது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு நான் உடன்படவில்லை. அச்சிலிருந்து எடுத்த கல்லை முதல் இரண்டு நாள் தார்ப்பாயால் மூடி, பின் நாள்தோறும் நனைத்து, 28 நாள் ஆற வைத்தால்தான் அது சுமை தாங்கும். நம் விமானச் சீட்டின் தேதிக்காகப் பச்சைக் கல்லை அடுக்கினால், அந்தச் சுவருக்குக் கீழே உட்காரப் போகிறவர்கள் பிள்ளைகள்.

கூலியும் இதே போன்ற கேள்விதான். மண் சலிப்பதும் கலப்பதும் ஊர்ப் பெண்களுக்குக் கூலி வேலையாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எங்களுக்கு அச்சு இயந்திரமும் கல் சுமப்பதும் மட்டும். என் பயணச் செலவில் இங்கே பலருக்குப் பல நாள் கூலி கொடுத்திருக்கலாம் என்ற உண்மையை நான் தள்ளிவிட விரும்பவில்லை. ஆகவே அவர்கள் கையிலிருக்கும் வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கும் உரிமை எனக்கில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். 1920இல் சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரெசோல், பிரான்சின் வெர்டனுக்கு அருகே முதல் உலகப் போரில் சிதைந்த எஸ்ன் கிராமத்தில் முதல் பன்னாட்டுத் தொண்டு முகாமை நடத்தினார். தொண்டர்களில் ஜெர்மானியர் இருந்ததை உள்ளூரில் ஏற்காததால் அது பாதியில் கலைந்தது. நல்லெண்ணம் எவ்வளவு பெரிதாயினும், ஊரின் ஒப்புதல்தான் அஸ்திவாரம்.

ஜனவரி 24

மழை மறைவுப் பக்கமாதலால் வெயில் கடுமை. கற்களின்மேல் நனைத்த சாக்குகளைப் போர்த்தினோம்.

ஜனவரி 29

நேற்று கடைசி அடுக்கு முடிந்தது. அடுத்து வருகிறவர்களுக்காக ஒவ்வொரு அடுக்கிலும் அச்சடித்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதி, நீர் ஊற்றும் முறையை ஊர் இளைஞர்களோடு பேசி முடித்தேன். நேற்றைய அடுக்கு பிப்ரவரி 25க்கு முன் சுவருக்குப் போகக் கூடாது. மறுநாள் சிவராத்திரி, ஊரே தாங்கள் வணங்கும் மலையுச்சியான மல்லீஸ்வரன் முடிப் பக்கம் திரும்பிவிடும் என்பதால், 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை கட்டு வேலையைத் தொடங்குவதாக மேஸ்திரியும் மூப்பனும் முடிவு செய்திருக்கிறார்கள்.