பழைய டிராக்டரின் ஸ்டீயரிங் ஆட்டம்: பெட்டியைக் கடைசியில் தொட்ட வேலைக் குறிப்பு

ஸ்டீயரிங் வீல் விளிம்பில் 110 மி.மீ. வரை சும்மா சுற்றுகிறது, முன் சக்கரம் அசையவில்லை. வண்டி பவர் ஸ்டீயரிங் இல்லாதது. ஸ்டீயரிங் பெட்டியின் வெளியே உள்ள கை டிராப் ஆர்ம். அதிலிருந்து இடது முன் சக்கரத்துக்குப் போகும் தண்டு டிராக் லிங்க், இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு டை ராடு.

இந்த நிலையில் பலரும் நேரே ஸ்டீயரிங் பெட்டியின் (வீலின் சுற்றலை டிராப் ஆர்முக்குக் கடத்தும் கியர் பெட்டி) அட்ஜஸ்ட் ஸ்குருவை இறுக்குவார்கள். அதற்கு முன் ஒரு கணக்கு. டிராப் ஆர்ம் நீளம் 180 மி.மீ., பெட்டியின் விகிதம் 20க்கு 1, வீலின் ஆரம் 210 மி.மீ. என்றால், டிராக் லிங்க் பால் ஜாயிண்டில் (தண்டின் முனையில் உள்ள குண்டு மூட்டு) உள்ள 2 மி.மீ. ஆட்டம் மட்டுமே வீல் விளிம்பில் ஏறக்குறைய 47 மி.மீ. ஆகத் தெரியும். பெட்டியில் பழுதே இல்லாமல் கிட்டத்தட்ட பாதி ஆட்டம் வந்துவிடுகிறது.

முதல் நாள், சோதனை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கமாகத் தூக்கியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது, இன்னொருவர் ஆக்சில் முனையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் அசைந்தால் வீல் பேரிங். ஸ்டப் ஆக்சிலும் (சக்கரம் மாட்டும் சிறு அச்சு) சேர்ந்து அசைந்தால் கிங் பின் புஷ், அதாவது சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சான கிங் பின்னைச் சுற்றியுள்ள வெண்கல உறை. வலது பக்கம் பேரிங் லூஸ் மட்டுமே. இடது பக்கம் புஷ் போயிருந்தது.

பால் ஜாயிண்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங் வீலை இடமும் வலமும் சிறிதாகத் திருப்ப, ஜாயிண்டைக் கையால் பொத்திப் பிடித்தால் ‘டக்’ என்று அடிப்பது தெரியும். அமுக்கினால் மேலும் கீழும் அசைவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், பல ஜாயிண்டுகளில் உள்ளே ஸ்பிரிங் உண்டு. பக்கவாட்டு ஆட்டம்தான் தேய்மானம். டிராக் லிங்க் முன் முனையும் டை ராடு இடது முனையும் தேறவில்லை. கிங் பின் தலையில் மாட்டியிருக்கும் ஆர்முக்கும் (டிராப் ஆர்ம் அல்ல) அந்தத் தலைக்கும் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு வீலைத் திருப்பியதில் கோடு விலகவில்லை. இரண்டும் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டை நன்றாகவே இருக்கிறது.

இரண்டாம் நாள், பிரிப்பு. ஜாயிண்டின் நட்டை முழுக்கக் கழற்றாமல் மூன்று மரையில் விட்டு, ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி அடித்தால் டேப்பர் (கூம்பு வடிவில் இறுகிய தண்டு) விட்டுவிடும். நட்டின் மேலே அடித்தால் மரைதான் கெடும். டை ராடின் ஒரு முனை இடது மரை, மறுமுனை வலது மரை. கழற்றும்முன் பால் நடுவிலிருந்து பால் நடுவுக்கு அளந்து எழுதிக்கொள்வது நல்லது.

கிங் பின்னை மைக்ரோமீட்டரில் பார்த்தபோது மேல் பகுதி 31.68, கீழ்ப் பகுதி ஒரு திசையில் 31.70, அதற்குக் குறுக்கே 31.35. புதிய அளவு 31.74. ஒருபக்கத் தேய்மானத்துக்குக் காரணம் உண்டு. சக்கரம் கிங் பின்னுக்கு வெளியே நிற்பதால், தரையின் உந்தல் கிங் பின்னின் கீழ்ப்பகுதியை வெளிப்பக்கமும் மேல்பகுதியை உள்பக்கமும் தள்ளுகிறது. அதனால்தான் புஷ் போன வண்டியில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து தெரியும்.

வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைவது மலிவான வழி. ஆனால் கிங் பின்னும் ஸ்டப் ஆக்சிலும் ஒரே துண்டு. அவை சேரும் வளைவுக்குப் பக்கத்தில் சூடு ஏறினால் பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். புதியதே போட்டது.

பழைய புஷ்ஷை ஹாக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்து, ஆக்சிலைத் தொடும் முன் நிறுத்தி, உளியால் மடக்கினால் வெளியே வரும். புதியதை ஃப்ரீசரில் வைத்து, நீண்ட போல்ட்டும் கனமான வாஷரும் கொண்டு இழுத்து ஏற்றியது. 38 மி.மீ. வெண்கலப் புஷ் 40 டிகிரி குளிர்ந்தால் 0.03 மி.மீ. சுருங்கும், கொஞ்சம்தான், ஆனாலும் ஏறுவது இலகுவாகிறது. கிரீஸ் துளை நிப்பிள் துளைக்கு நேராக இருக்கிறதா என்று ஏற்றும்முன் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். தவறினால் மறுபடி அறுக்க வேண்டியதுதான். ஏறியதும் புஷ் உள்ளே இறுகும், கிங் பின் நுழையாது. நீள ரீமரால் (துளையை அளவுக்குக் கடையும் கருவி) மேல் கீழ் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் 31.82க்குக் கடைந்தது. தனித்தனியாகக் கடைந்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது.

த்ரஸ்ட் பேரிங்கின் (கிங் பின் மேல் உட்காரும் எடையைத் தாங்குவது) மூடிய பக்கம் மேலே. திருப்பிப் போட்டால் சேறும் தண்ணீரும் அதற்குள் தேங்கும். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தூக்கியிருக்க வேண்டும். எடை உட்கார்ந்திருந்தால் த்ரஸ்ட் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது.

வலது வீல் பேரிங்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிடிப்பு தெரிந்ததும் நட்டின் அடுத்த பிளவு துளைக்கு நேராக வரும் வரை தளர்த்தி, நட்டு சுழலாமல் ஸ்பிளிட் பின் போட்டது. பால் ஜாயிண்ட் நட்டு இதற்கு நேர்மாறு. துளை ஒத்துவரவில்லை என்றால் மேலும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவு): சக்கரங்களை நேராக வைத்து, ரிம்மின் பின்பக்கம் ஹப் உயரத்தில் இரு புறமும் குறியிட்டு இடைவெளியை அளந்து, குறிகள் முன்னால் வரும் வரை வண்டியை முன்னே உருட்டி மறுபடி அளந்தது. அதே குறிகளை அளப்பதால் ரிம் வளைவு கணக்கைக் கெடுக்காது. முன் அளவு 4 மி.மீ. குறைவு; இந்த வண்டியின் கையேடு கேட்பது 3 முதல் 6.

இப்போது வீல் விளிம்பில் ஆட்டம் 42 மி.மீ. இனி பெட்டி. டிராக் லிங்க்கைக் கழற்றி, வீலை நடுவில் நிறுத்தித்தான் ஸ்குருவைத் தொட வேண்டும். வோர்ம் (பெட்டிக்குள் வீல் சுற்றும் திருகு கியர்) பெரும்பாலும் நடுவில்தான் தேயும், ஆனால் புதியதில் இறுக்கமும் அங்கேதான். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் சிக்கும். கால் சுற்று போதுமாக இருந்தது. ஓரம் முதல் ஓரம் வரை சிக்கலின்றிச் சுற்றியது, ஆட்டம் 25 மி.மீ.

பெட்டிக்குள் யாரோ கிரீஸ் அடைத்திருந்தார்கள். சீல் ஒழுகினால் செய்யும் குறுக்கு வழி இது. வோர்ம் ஒருமுறை ஒதுக்கிய கிரீஸ் திரும்பி வராது, பற்கள் காய்ந்தே ஓடும். டிராப் ஆர்ம் சீலை மாற்றி 90 கியர் ஆயில் ஊற்ற வேண்டும். அது அடுத்த வேலை. அதற்குள் 10 மணி நேரம் ஓடியதும் டை ராடு கிளாம்ப் போல்ட்டுகளையும் வலது ஹப்பையும் மறுபடி பார்க்க வேண்டும்.