லாபின் 1921: அட்டை நிலப்படம், மூன்றாம் வாரம்

இன்றைய குரோவேஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்தில் உள்ள லாபின் நிலக்கரிப் பகுதியில், 1921 மார்ச் 2 முதல் ஏப்ரல் 8 வரை சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே நடத்திய சிறு ‘குடியரசை’ 1:25,000 அளவில் அட்டை அடுக்கி அமைக்கத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. 2 மி.மீ. அட்டை ஒன்றுக்கு 40 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டதால், சுமார் 320 மீட்டர் உயரக் குன்றின் மேல் அமைந்த லாபின் நகருக்கு எட்டு அடுக்குகள் தேவைப்பட்டன.

சென்ற வாரம் பெரிய தவறு ஒன்று செய்துவிட்டேன். கவிழ்த்துவைத்த நிலக்கரி வண்டியைப் போன்ற தேவாலயம் கொண்ட ராஷா என்னும் சுரங்க ஊரை, அதன் அழகில் மயங்கி, பள்ளத்தாக்கில் கவனமாக ஒட்டிய பிறகுதான், அது முசோலினி ஆட்சியில் 1937இல் திறக்கப்பட்ட ஊர் என்பது உறைத்தது. பிளேடால் பெயர்த்தெடுத்தபோது இரண்டு அடுக்குகளும் கிழிந்தன. 1921க்கு உரிய சுரங்க ஊர்களான கிராபான், வினெஸ், ஷ்டிர்மாட்ஸ் ஆகியவற்றை மட்டும் இப்போது வைத்திருக்கிறேன்.

கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்த ஊரோ பலகையிலேயே அடங்கவில்லை. பிப்ரவரி 1 அன்று தொழிற்சங்கத் தலைவர் ஜொவான்னி பிப்பான் பாசிஸ்டுகளால் தாக்கப்பட்ட பாசின், லாபினிலிருந்து நேர்க்கோட்டில் 20 கி.மீ.க்கு மேல் தொலைவில் இருப்பதால், 45 செ.மீ. பலகையின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுச் சமாளித்தேன்.

அதிக நேரத்தை விழுங்கியவை பெயர்ச்சீட்டுகள்தாம். 1920இல் ராப்பல்லோ உடன்படிக்கையால் இஸ்திரியா இத்தாலிக்குச் சென்றதால், அரசுத் தாள்களில் லாபின் ‘அல்போனா’ ஆனது. ஆனால் ஏறக்குறைய 2,000 பேர் வேலை பார்த்த அச்சுரங்கத்தில் குரோவேஷியர், இத்தாலியர், ஸ்லோவீனியர், ஜெர்மானியர், ஹங்கேரியர் எனப் பலரும் இருந்தனர். இரு பெயர்களையும் எழுதிவிட்டு, தலைப்பாக அவர்களுடைய முழக்கமான ‘கோவா யே நாஷா’ என்பதை வைத்தேன். பார்த்த நண்பர் கடற்கரைக் கோவாவை நினைத்துக்கொண்டார். அந்த வட்டார வழக்கில் ‘கோவா’ என்றால் சுரங்கம், முழக்கத்தின் பொருள் ‘சுரங்கம் நம்முடையது’.

தொழிலாளர்களின் காவல் படையான செங்காவலர்களுக்குச் சிவப்பு ஊசிகள், கிளர்ச்சியை ஒடுக்க ஏப்ரல் 8 அன்று வந்த ஏறக்குறைய ஆயிரம் இத்தாலியப் படையினருக்குச் சாம்பல் ஊசிகள். அன்று உயிரிழந்த தொழிலாளர் இருவருக்குக் கறுப்பு ஊசிகளைக் குத்தினேன். ஆண்டின் இறுதியில் பூலா நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 52 பேரையும் நடுவர் குழு விடுவித்தது. அவ்வூரும் பலகைக்கு வெளியே விழுவதால், தெற்கு ஓரத்தில் இன்னொரு அம்புக்குறி வரைந்திருக்கிறேன்.