முன்கூட்டியே போட்ட டிக்

"தலை தெரியுற நேரத்துல கிளவுஸைக் கழட்டிட்டு பேனாவைத் தேடவா மேடம்?" என்று அந்த சிஸ்டர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. பிரசவத்தில் செக்லிஸ்ட்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்த்துக் குறிக்கும் பார்வையாளர்கள் நாங்கள், வாயைத் திறக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பிரசவ செக்லிஸ்டில் 29 வரிகள், நான்கு கட்டங்கள். வந்து சேரும்போது, முக்க வைக்கும் முன், பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், வீட்டுக்கு அனுப்பும் முன். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லா சிஸ்டருக்கும் தெரியும், ராத்திரி ஒற்றை ஆளாக இருக்கும் லேபர் வார்டில் அது ஏன் சில நாள் நடக்கிறது, சில நாள் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

அன்று செக்லிஸ்டின் மூன்றாம் கட்டம் முழுவதும் குழந்தை பிறக்கும் முன்னாலேயே டிக் ஆகியிருந்தது. அதை நான் பார்ப்பதைக் கவனித்துத்தான் அவர் அப்படிக் கேட்டார். இத்தனைக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் மருந்து பத்து யூனிட் ஊசியில் ஏற்றி டிரேயில் தயாராக இருந்தது, பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் போட்டும் விட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்ப்பது, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், இந்த இரண்டும் நடக்கவில்லை. தையல் முடியவே நேரமாகிவிட்டது, அதற்குள் மன்னார்குடி பக்கமிருந்து வலியோடு இன்னொரு பெண்ணை 108-ல் இறக்கினார்கள். தாளில் மட்டும் இரண்டுக்கும் டிக் இருந்தது.

நான் அறிக்கையில் அப்படியே எழுதினேன், அவர் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து. பெயர் போடவில்லை, ஊரும் போடவில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் அந்த மாதிரிப் பேசுகிறவர் யாரென்று அறிக்கையைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சிரித்தார்கள். எழுதாமல் விட்டிருக்கலாமா? விட்டிருந்தால் நூற்றுக்கு நூறு டிக் என்று ஒரு பச்சைக் கட்டம் வந்திருக்கும், அந்தக் குழந்தை பசியோடு கிடந்தது எங்கேயும் பதிவாகியிருக்காது. உத்தரப் பிரதேசத்தில் 120 மையங்களை எடுத்து, அதில் பாதியில் இதே செக்லிஸ்டைப் பயிற்சியாளர்களோடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. நல்ல பழக்கங்கள் கூடின, இறப்புகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. செய்வதே அப்படியென்றால் வெறும் டிக் எதற்கு ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அப்புறம் யோசித்தால், அவர் கேட்டதில் ஆள் பற்றாக்குறை பற்றிய கேள்வியும் இருந்தது, நாங்கள் அதைப் பேனா பிரச்சினையாக மட்டும்தான் எடுத்துக்கொண்டோம்.

கூட்டத்தில் என்ன முடிவானது தெரியுமா? ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் நேரம் எழுத ஒரு கட்டம். இரண்டாவது சிஸ்டரைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும்தான். இப்போது வரும் தாள்களில் 2.05, 2.10, 2.15 என்று அழகாக நிரம்பி வருகிறது. ஒரு பிரசவம்கூட 2.07-க்கு நடக்கவில்லை போல.