ட்ரீம் மெஷின்: அட்டை, பல்பு, 45 ஆர்.பி.எம்.

டிசம்பர் 21

1958-ல் இதே தேதி. மார்செய் போகும் பேருந்தில் ஓவியர் பிரையன் கைசின் கண்ணை மூடியிருந்தார். சாலையோர மரங்களுக்கிடையே மாலை வெயில் விட்டுவிட்டு அடிக்க, இமைக்குள் வண்ணங்கள் கொட்டின. மூளையலை ஆய்வாளர் கிரே வால்ட்டரைப் படித்தபின்தான் காரணம் பிடிபட்டது: நொடிக்கு 8 முதல் 13 துடிப்பு, கண் மூடி ஓய்ந்திருக்கும் மூளையில் எழும் ஆல்ஃபா அலையின் வேகம். 1960-ல் அவருடைய நண்பர் இயன் சோமர்வில் அதைத் துளை போட்ட அட்டை உருளையாகச் செய்தார்: நடுவில் பல்பு, சுற்றிலும் உருளை சுழலும். அதுதான் ட்ரீம் மெஷின். தொலைக்காட்சிக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு வைக்கலாம் என்று கைசினுக்கு ஆசை. கம்பெனிகள் எடுக்கவில்லை.

டிசம்பர் 24

உருளையைச் சுழற்றுவது ரெக்கார்ட் பிளேயர். 45 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 45 சுற்று) என்றால் நொடிக்கு 0.75 சுற்று. 14 துளை போட்டால் 10.5 துடிப்பு. 78 ஓடும் பழைய பிளேயருக்கு 8 துளை போதும்.

தேய்ந்த எல்.பி. இசைத்தட்டுதான் உருளைக்கு அடித்தளம்: விட்டம் 30 செ.மீ., சுற்றளவு 94. கருப்பு சார்ட் அட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 7 துளை, ஒட்ட 2 செ.மீ. கூடுதல். ஒட்டு இரண்டும் எதிரெதிரே வருவதால் எடை தானே சமன்படும். ஒரே ஒட்டு என்றால் உருளை ஆடும். துளை அகலம் 3 செ.மீ., இடைவெளி 3.7. துளையைப் பெரிதாக்கக் கை துறுதுறுக்கும். வெளிச்சம் கூடும், இருட்டு போய்விடும். வேலை செய்வது இருட்டுதான்.

டிசம்பர் 28

60 வாட் குண்டு பல்பு, தெளிந்த கண்ணாடி. மேலிருந்து உருளைக்குள் கண் உயரத்துக்குத் தொங்கவிடவும், அட்டையில் படாமல். பால் பல்பில் ஒளிப்பரப்பு அகலம். நிழல் விளிம்பு கலங்கித் துடிப்பு மங்கும். எல்.இ.டி.யின் பிளாஸ்டிக் குமிழிலும் அதே கோளாறு. முகம் உருளைக்கு 15 செ.மீ. தள்ளி, கண் மூடி. முதலில் வெறும் சிவப்பு. பிறகு கட்டங்கள், தேன்கூடு, சுழல்.

ஜனவரி 2

சுற்றுக்கு ஒருமுறை துடிப்பு தடுக்கினால் ஏதோ ஒரு துளை அளவு பிசகியிருக்கிறது. பிளேயரின் பெல்ட் வழுக்கி 40 சுற்றுக்கு இறங்கினாலும் நொடிக்கு 9.3 துடிப்பு கிடைக்கும், கவலையில்லை.

கவலை மறுபக்கம். இதே உருளையை 78-ல் விட்டால் 18.2. ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு 15–20தான் மிக மோசமான எல்லை. 10-உம் அவர்களுக்கு ஆபத்தே. தனக்கு அது உண்டென்று முதல் வலிப்பு வரை தெரியாதவர்களும் உண்டு. வலிப்பு வந்தவர்களும் குழந்தைகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. தனியாக உட்கார வேண்டாம். சுவிட்ச் இன்னொருவர் கையில் இருக்கட்டும். ஒரு மாதிரி இருந்தால் கண்ணை மூடிப் பயனில்லை, ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுக்கப் பொத்தி, முகத்தைத் திருப்ப வேண்டும்.