அவசரத்தில் செய்த கவசம்

கொஸ்பிளே (கதை, திரைப் பாத்திரங்களைப் போல வேடமணிதல்) உடைக்கு அவகாசம் குறைவாக இருக்கும்போது, எதைச் செய்யாமல் விடலாம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். படம் பிடிப்பவர்களின் பார்வை தலைக்கும் தோளுக்குமே போவதால், என் நேரத்தில் பெரும்பங்கைக் கிரீடத்துக்கும் மார்புக் கவசத்துக்கும் ஒதுக்கி, கீழாடைக்கு மருதமுனைக் கைத்தறித் துணியைத் தைக்காமலே கொய்து கட்டிக்கொண்டேன்.

கவசத்துக்கு உடற்பயிற்சிப் பாயாக விற்கப்படும் ஈ.வி.ஏ. நுரைப்பாயே உகந்தது. பழைய பத்திரிகைத் தாளில் அளவு வெட்டிப் பார்த்து, பாயை வெட்டி, வெப்பக் காற்றில் இளகவைத்து வளைத்துப் பிடித்தால், ஆறிய பின்னும் அந்த வளைவு நிற்கும். தொடுபசையை இரு விளிம்புகளிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரமென்று ஈரத்தோடு அழுத்தினால் மூட்டு விட்டுவிடும். பொதிகளில் வரும் வெண்ணிற நுரைப் பலகையான ரெஜிபோம் மலிவுதான், ஆனால் ஸ்பிரே பெயின்டிலுள்ள கரைப்பான் அதை அரித்துவிடும்.

மட்டக்களப்பில் கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதத்தால் நீர் கலந்த பூச்சுகள் எளிதில் காய்வதில்லை. எனவே மெல்லிய பூச்சுகளாகப் பூசி, மின்விசிறியின் முன் வைத்தேன். (வடமோடி என்ற மரபுக் கூத்தில் அணியும், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பையும் கிரீடத்தையும் பார்த்து வளர்ந்த ஊரில், வேடத்துக்கு உடை கட்டுவது புதிய பொழுதுபோக்கு என்று யாரேனும் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.) தோள்பட்டைகளை மட்டும் ஒட்டாமல் வெல்க்ரோ பட்டியால் இணைத்தேன், பேருந்தில் கொண்டுபோகக் கழற்றி அடுக்கலாம்.