நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

'One Day in the Life of Noah Piugattuk' படம் பார்த்துக்கொண்டிருந்ததில் டீ ஆறிப்போனதே தெரியவில்லை. திரையில் இருப்பவர்களும் பனிமேல் உட்கார்ந்து டீதான் குடிக்கிறார்கள்.

1961. கனடாவின் பாஃபின் தீவு. நாய்வண்டியில் வேட்டைக்குக் கிளம்பிய நோவா பியுகாத்துக் என்ற இனுயிட்டிடம் (ஆர்க்டிக் பழங்குடியினர்) ஓர் அரசு அதிகாரி, "குடியிருப்புக்கு வந்துவிடு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு" என்கிறார்.

நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி சொல்வது ஒன்று, நோவா காதில் விழுவது இன்னொன்று. சப்டைட்டில் படிக்கிற நமக்குத்தான் இரண்டும் தெரிகிறது. வயிற்றைப் பிசைந்துவிட்டது.

2019இல் வந்த படம். எடுத்த சக்கரியாஸ் குனுக்கும் ஓர் இனுயிட். சின்ன வயதில் பள்ளிக்காக இக்லூலிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர்.

வெளியாள் எடுத்திருந்தால் அந்த நீண்ட மௌனங்களைக் கத்தரித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. குனுக் அவசரப்படவே இல்லை. நோவா யோசித்து முடிக்கும்வரை கேமராவும் காத்திருக்கிறது.