மே 9 என்றால் மே 9 அல்ல: ரொறன்ரோவில் பாவலும் கத்தரியும் நடும் காலம்

ரொறன்ரோவுக்குக் கடைசி உறைபனி மே 9ஐ ஒட்டி, முதல் உறைபனி ஒக்டோபர் 6ஐ ஒட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். நடுவில் சுமார் 150 நாள். இதைப் பார்த்து மே 10 அன்று பாவல் கன்றை மண்ணில் வைத்தால் பெரும்பாலும் கன்று போய்விடும்.

இவை சராசரித் தேதிகள். ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் மே 9க்குப் பிறகும் பனி விழும். ஏரியோரத்தில் சற்று முந்தி முடியும், வடக்கே மார்க்கம் நகரப் பக்கம் பிந்தும். இரண்டு வாரம் தள்ளிப்போடுவதுதான் புத்தி. விக்ரோறியா தினத்துக்கு (மே 25க்கு முந்திய திங்கள்) முன் நடாதே என்று இங்குள்ளவர்கள் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

பனி இல்லாவிட்டாலும் குளிர் விடாது. இரவில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கத்தரியும் பாவலும் வளராமல் குந்திக்கொண்டிருக்கும், இலை மஞ்சளாகும். காலையில் மண்ணுக்குள் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 18 பாகை வந்தபின் நட்ட கன்று, இரண்டு வாரம் முந்தி நட்டதை ஜூன் கடைசிக்குள் எட்டிப் பிடித்துவிடும்.

நடும் நாளை மே 23 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய் 10 வாரம், அதாவது மார்ச் நடுப்பகுதியில் வீட்டுக்குள் விதைக்க வேண்டும். கத்தரிக்கு 8 வாரம், தக்காளிக்கு 6. பாவலுக்கு 4 வாரத்துக்கு மேல் வேண்டாம். வேரைக் கலைத்தால் பிடிக்காது, ஆகவே கடதாசிக் கோப்பையில் போட்டு அப்படியே நடுங்கள். விதையை ஓர் இரவு ஊறவிட்டு, 28 பாகைச் சூட்டில் வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் வெளியே பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

விதைப் பைக்கற்றில் கத்தரி காய்க்க 75 நாள் என்று இருந்தால் அது நாற்று நட்ட நாளிலிருந்து. பயற்றைக்கு விதைத்த நாளிலிருந்து. செப்ரெம்பரில் வளர்ச்சி மந்தமாகும் என்பதால் இன்னும் 14 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். மே 23இலிருந்து ஒக்டோபர் 6 வரை 136 நாள்; அந்த 14 நாள் போனால் சூடு விரும்பும் பயிருக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 120 நாள்தான்.

உறைபனித் தேதி சொல்லாத ஒன்றும் உண்டு. ஊரிலிருந்து வரும் அவரை, சிறகவரை வகைகள் பல பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே ஜூனில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். கொடி வேலியை மூடி வளரும், செப்ரெம்பர் கடைசியில் பூக்கும், பிஞ்சு பிடிக்கும்போது பனி வந்துவிடும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இன விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

இலையுதிர் காலத்தில் முன்னறிவிப்பு 3 பாகை என்றாலும், வானம் தெளிந்து காற்று இல்லாவிட்டால் தரையோடு உறையும். அந்த எண் ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே அளந்த காற்றினுடையது. பொழுது படுமுன் பழைய படுக்கை விரிப்பைத் தரை தொட மூடுங்கள். பொலித்தீன் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். கறிவேப்பிலைச் சாடியை அதுவரை வெளியே விடாமல், இரவு 10 பாகை தொடும்போதே உள்ளே எடுத்துவிடுங்கள்.